ஐவர் கூடிப் பேசுவார்கள்

1948 ஜூன் 16 அன்று பேராக், சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டதும் அவசரகாலம் பிறந்தது. கூர்க்காக்கள், பிஜியர், ஆஸ்திரேலியர், கிழக்கு ஆப்பிரிக்கர் என ஒரு படைத் திருவிழாவே மலாயாக் காட்டுக்குள் இறங்கியது. பால்மரம் வெட்டிய தமிழருக்கோ வேலியும் ஊரடங்கும் கிடைத்தன. ரப்பர் அப்போது லண்டனுக்கு டாலர் ஈட்டித் தந்த சரக்கு; நட்பு அவ்வளவு உறுதியாக இருந்ததில் வியப்பில்லை. 1968இல் செலவு தாங்கவில்லை என்று பிரிட்டன் மூட்டை கட்டத் தொடங்கியது. 1971இல் வந்த ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின்படி, மலேசியாவோ சிங்கப்பூரோ தாக்கப்பட்டால் ஐவரும் உடனடியாகக் கலந்து பேசுவார்கள். சுடுவது பேச்சு முடிந்த பிறகு, ஒருவேளை. கூட்டுப் பயிற்சிகள் நடக்கின்றனவே, பட்டர்வொர்த்தில் தலைமையகம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பகைவன்தான் இன்னும் பேச்சுக்கு வாய்ப்புத் தரவில்லை.