ஒழுங்காகத் தோற்கவும் தெரியாதவர்கள்

இலங்கை கிரிக்கெட் அணி தோற்பதில் எனக்குப் பெரிய முறைப்பாடு இல்லை. விளையாட்டு என்றால் யாராவது ஒருவர் தோற்கத்தானே வேண்டும்? அந்தப் பொறுப்பை நம்மவர்கள் அடிக்கடி தாமாக முன்வந்து ஏற்கிறார்கள், அவ்வளவுதான். என் முறைப்பாடெல்லாம் அவர்கள் தோற்கிற வேகத்தைப் பற்றியது. ரசிகனுக்கும் பசி, குளிப்பு, உறவினர் என்று ஒரு வாழ்க்கை இருக்கிறதல்லவா?

2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதிப்போட்டி, கெத்தாராம மைதானம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் மச்சான்மார் எல்லோரும் கூடிவிட்டார்கள். மழை குழப்பினால் மறுநாள் விளையாட ஏற்பாடு இருந்ததால், திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். நாணயச் சுழற்சியில் வென்று நாமே துடுப்பெடுத்தாடத் தொடங்க, நானும் நம்பிக்கையோடு காலி வீதிக் கடையொன்றுக்கு மீன் ரோல்ஸ் சொல்லி அனுப்பினேன். இந்தியாவின் சிராஜ் ஒரே ஓவரில் நாலு விக்கெட் எடுத்தார். 15.2 ஓவரில் 50 ஓட்டங்களுக்கு நம் கதை முடிந்தது. இந்தியா 6.1 ஓவரில் விக்கெட் இழப்பின்றி அடித்துவிட்டு, கிண்ணத்தோடு படத்துக்கு நின்றது. அந்த நேரம் பார்த்து ரோல்ஸ் பொதியோடு வந்த பெடியன், எங்கள் முகங்களையும் ரீவியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன அண்ணை, மழையோ?"

"ஓம் தம்பி, சரியான மழை."

ஆட்டநாயகன் சிராஜ் தன் பரிசுப் பணத்தை மைதானப் பணியாளர்களுக்கே கொடுத்தார். பொருத்தமான கொடைதான். அந்த மைதானத்தில் இலங்கையர் என்று நெடுநேரம் நின்று உழைத்தவர்கள் அவர்கள்தானே.

அடுத்த மாதமே உலகக் கிண்ணம். ஒக்டோபர் 7, டெல்லி. தென்னாபிரிக்கா நமக்கு எதிராக 428 அடித்தது. உலகக் கிண்ணங்களில் அதுவரை யாரும் அவ்வளவு அடித்ததில்லை. ஒக்டோபர் 10, ஹைதராபாத். நாம் 344 அடித்தோம். 'அப்பாடா' என்று மூச்சுவிட முதல் பாகிஸ்தான் அதைத் துரத்திப் பிடித்தது. உலகக் கிண்ணங்களில் அதுவரை யாரும் அவ்வளவு துரத்தியதுமில்லை. நாலு நாளுக்குள் இரண்டு உலகக் கிண்ணச் சாதனைகள், இரண்டும் நம் உதவியால். நவம்பர் 2இல் மும்பையில் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டோம். செப்டெம்பரோடு ஒப்பிட்டால் ஐந்து ஓட்டம் முன்னேற்றம். நாலு நாள் கழித்து ஏஞ்சலோ மெத்தியூஸ், தலைக்கவசப் பட்டி அறுந்து, குறித்த நேரத்துக்குள் பந்தை எதிர்கொள்ளாததால் ஆட்டமிழந்தார். சர்வதேசக் கிரிக்கெட்டில் அப்படி ஆட்டமிழந்த முதலாவது ஆள். மற்ற அணிகளை ஆட்டமிழக்கச் செய்யப் பந்து வேண்டும். நமக்கு மணிக்கூடே போதும்.

நவம்பர் 10இல் சர்வதேசக் கிரிக்கெட் பேரவை, நிர்வாகத்தில் அரசாங்கத் தலையீடு என்று சொல்லி நம் கிரிக்கெட் சபையையே இடைநிறுத்தியது. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒரு நிம்மதி. தடை என்றால் விளையாட முடியாது. விளையாடாவிட்டால் தோற்கவும் முடியாது.

இந்தக் கவலைகளையெல்லாம் தாங்குகிறவர் என் மாமனார். 1996 மார்ச் 17, லாகூர் இறுதிப்போட்டியில் அரவிந்த டி சில்வா அடித்த 107 ஓட்டங்களையும் பந்து பந்தாகச் சொல்லுவார். அந்த 107இன் வட்டியில்தான் இன்றுவரை சீவிக்கிறார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் "இனி இந்தக் கோதாரியைப் பாக்கமாட்டன்" என்று சத்தியம் செய்வார். சத்தியத்தை மீறுவதுமில்லை. அடுத்த மேட்ச் அன்று கதிரையில் உட்காராமல் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நிற்பார்.

"இருந்து பாருங்கோவன் மாமா."

"நானெங்கை பாக்கிறன்? தண்ணி குடிக்கப் போறன்."

அப்படிப் போகிற வழியிலேயே ஐம்பது ஓவரும் நின்றிருக்கிறார்.

அவரை மட்டும் குறைசொல்ல முடியாது. ஒரேயடியாகத் தோற்றுக்கொண்டே இருந்தால் மனிதர் நிம்மதியாகத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். இந்த அணி அதற்கும் விடாது. 2022 செப்டெம்பரில் டுபாயில் ஆசியக் கிண்ணத்தை வென்றது. ஊரே வெடி கொளுத்தியது. ஐந்து கிழமைக்குப் பிறகு கீலோங்கில் நமீபியாவிடம் 55 ஓட்டங்களால் தோற்றது. என் மகள் உலகப்படத்தை விரித்து "நமீபியா எங்கை அப்பா?" என்று கேட்டாள். எங்களிடம் தோற்ற நாடுகளை விட, எங்களை வென்ற நாடுகளால்தான் அவளுக்குப் பூமிசாஸ்திரம் வளர்கிறது.

2024இல் இன்னும் மோசம். ஓகஸ்டில் வண்டர்சே ஆறு விக்கெட் எடுக்க, 27 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவிடம் ஒருநாள் தொடரை வென்றோம். மாமா வாசலிலிருந்து ஹோலுக்குள் ஓரடி வைத்தார். செப்டெம்பரில் ஓவல் மைதானத்தில் நிஸ்ஸங்க 127 அடித்து இங்கிலாந்தைக் கவிழ்த்தார். மாமா கதிரையின் கைப்பிடியில் இருந்தார். அதே மாதக் கடைசியில் காலியில் நியூசிலாந்தை 88 ஓட்டங்களுக்குச் சுருட்டினோம். மாமா கதிரையிலேயே சம்மணமிட்டு, "எண்பத்தெட்டெல்லாம் ஒரு ஸ்கோரோ? வெக்கமில்லையோ அவங்களுக்கு!" என்று சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து, டர்பன். 2019இல் குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153 அடித்து, கடைசி விக்கெட்டுக்கு விஷ்வ பெர்னாண்டோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒரு விக்கெட்டால் நம்மை வெல்லவைத்த அதே மைதானம். மாமா அன்றைய கதையை எங்களுக்குச் சொல்லிக்கொண்டே போட்டியைப் பார்த்தார். தென்னாபிரிக்காவின் மார்கோ யான்சன் 13 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட். 83 பந்துகளில் நாம் 42. கதை இன்னும் குசல் பெரேராவின் அரைச்சதத்துக்கே வரவில்லை. எண்பத்தெட்டை இரண்டாக வகுத்தால் நாற்பத்துநாலு. அதற்கும் இரண்டு குறைவு. டெஸ்ட் வரலாற்றில் 952 ஓட்டங்கள் குவித்த ஒரே அணியும் இதே அணிதான் என்று சொன்னால் என் மகள் நம்பமாட்டேன் என்கிறாள்.

மாமா எழும்பி, ரீவியை நிப்பாட்டி, ரிமோட்டை அலுமாரிக்கு மேலே எறிந்தார். வழமையான சத்தியம் இந்த முறை இன்னும் சத்தமாக நடந்தது. இரவுச் சாப்பாட்டில் மெல்லக் கேட்டார்:

"அடுத்த மேட்ச் என்ன திகதி?"

"நீங்கள்தானே விட்டிட்டன் எண்டீங்கள்?"

"விட்டிட்டன்தான். எண்டாலும், எண்டைக்குப் பாக்கக்கூடாது எண்டு தெரிஞ்சிருக்க வேணுமெல்லோ?"