வயிறு சொல்வதைக் கேளுங்கள்

எட்டு வருடமாக ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் என்ற குடல் கோளாறு). போலீஸ் ஐ.பி.எஸ். போல 'யூனிஃபார்ம் எங்கே?' என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். ஸ்கோப்பில் குடல் நார்மல். எல்லாம் மனப்பிரமைதானா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

ஸ்கோப்புக்குக் குடலின் உள்தோல் தெரியும், வலி தெரியுமா? குடல் சுவரில் மட்டும் பல கோடி நரம்பு செல்கள் உண்டு. உங்களுக்கு அவை கொஞ்சம் வாயுவைக்கூட வலியாக மூளைக்குச் சொல்கின்றன. வலி நிஜம். ஐ.பி.எஸ். புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் மலத்தில் ரத்தமோ, காரணமின்றி எடைக் குறைவோ தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

குணமாகும் என்று நம்பலாமா?

2010-இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று. 80 ஐ.பி.எஸ். நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு, 'இதில் மருந்தே கிடையாது' என்று சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் 59 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம்! மாத்திரையின்றி, அதே பரிவான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 35 சதவீதம். பரிவான கவனிப்பு இரு பிரிவுக்கும் பொது. ஆகவே, காதுகொடுத்துக் கேட்கும் டாக்டரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூடவே மெல்போர்னின் மொனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறையை உணவு நிபுணர் துணையோடு முயலலாம். வெங்காயம், பூண்டு, கோதுமை போன்றவற்றைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முழுதாகப் போய்விடும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. மாதக்கணக்கில் தொல்லையின்றி இருப்பவர்கள் உண்டு. வெங்காயத்தை நிறுத்தியிருக்கும் வாரங்களில் சாம்பாரில் சின்ன வெங்காயத்துக்குப் பதில் பெருங்காயம் மணக்கட்டும்.