முதலில் எதை விடுவது

வசதியைத் துறத்தல் இரண்டு வகைப்படும் என்பார்கள். மனிதன் வசதியை விடுவது ஒன்று. வசதி மனிதனை விட்டுப் போவது மற்றொன்று. முதல் வகைக்குக் கையில் காசு வேண்டும். இரண்டாவதற்கு ஒன்றும் வேண்டாம், இருந்த இடத்தில் இருந்தாலே போதும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இருக்கிற நாலு வசதியில் மூன்றைத்தான் இந்த மாதம் வைத்துக்கொள்ள முடியும், நாலாவது எது என்று வீட்டுக்காரி யோசித்து முடிவெடுப்பது. அறிஞர்கள் இந்த மூன்றாம் வகையை அதிகம் ஆராய்ந்ததில்லை. ஆராயும் நேரத்தில் அவர்களுக்கு யாரோ சமைத்துப் போட்டிருக்க வேண்டும்.

மூன்று வகையையும் ஒரே சுற்றுவட்டாரத்தில் பார்க்கலாம். மீரியபெத்த, இலங்கையில் பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்ல பிரதேச செயலகப் பிரிவில் கொஸ்லந்தவை அடுத்துள்ள தேயிலைத் தோட்டம். கொஸ்லந்தவிலிருந்து வெல்லவாய பக்கம் இறங்கினால் 220 மீட்டர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி விழுகிறது. அதன் உச்சியில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கென்றே தூர தேசத்து ஆட்கள் வருகிறார்கள். அங்கே கரண்ட் இல்லை, கட்டில் இல்லை. சமையல் விறகில், குளியல் ஓடையில், மற்றது புதருக்குப் பின்னால். இதற்குக் காசும் கொடுக்கிறார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் இதே ஏற்பாட்டில் நாலைந்து தலைமுறை குடியிருந்திருக்கிறது. அதைப் படம் பிடித்துப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே தங்குகிறவர் மறுநாள் காலை இறங்கிவிடுவார் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

தோட்டத்து வசதிகளைப் பற்றிப் பேச, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு. ஏதாவது ஒரு மூலையில் அடுப்பு. பழைய லயங்கள் பலவற்றில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஆகவே ஒரு வீட்டு வசதி, அடுத்த வீட்டுக்கும் பாதி வசதி. விலையையும் அங்குள்ள அளவையில் சொன்னால்தான் கணக்கு விளங்கும். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். 2021 மார்ச்சில் ஒரு பேரின் பெறுமதி 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதை வாங்க எத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்பது தோட்டத்துக்குத் தோட்டம் வேறு சண்டை.

முதலில் கேஸ். கேஸ் அடுப்பு லயத்துக்குள் வந்தது பிந்தித்தான். வந்த பிறகும் முழு நேர வேலையில் சேரவில்லை. பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு மேசை மேல் உட்கார்ந்திருக்கும். விருந்தாளி வந்தால், விறகு நனைந்தால், நடுச்சாமத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் துணி விலகும். மற்ற நேரமெல்லாம் மூலை அடுப்புத்தான். அதற்கான எரிபொருளைத் தேயிலை மலையே கொடுக்கிறது. கவ்வாத்து வெட்டும் காலத்தில் விழும் மிலாறைப் பெண்கள் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்து இஸ்தோப்பில் அடுக்குவார்கள். மிலாறின் அடிக்குச்சி நின்று எரியும், நுனி சடசடவென்று போய்விடும். ரொட்டி சுடுகிறவர் ஒரு கையால் ரொட்டியைத் திருப்ப வேண்டும், மறு கையால் மிலாறை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும், புகை வரும்போது முகத்தையும் திருப்ப வேண்டும். போன் வந்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும். இது ஒரு கலை என்று யாராவது எழுதினால், எழுதியவர் ஆண்.

2021 ஒக்டோபர் வரை 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபாய், அதாவது ஒன்றரைப் பேர். 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபாய் ஆனது; கிட்டத்தட்ட ஐந்து பேர். நடுவில், 2021 நவம்பர், டிசம்பரில், நாட்டின் பல பாகங்களில் கேஸ் அடுப்புகள் வெடித்தன. பயந்தவர்கள் சிலிண்டரைத் தூக்கி வீட்டுக்கு வெளியே வைத்தார்கள். பங்களாவில் வெளியே என்றால் பூந்தோட்டம். லயத்தில் வெளியே என்றால் இஸ்தோப்பு, இஸ்தோப்பில் தாத்தாவின் கட்டில். சிலிண்டரை உள்ளே எடுப்பதா தாத்தாவை உள்ளே எடுப்பதா என்ற கேள்விக்கு எந்த விசாரணைக் குழுவாலும் பதில் சொல்ல முடியாது.

2022இன் பொருளாதார நெருக்கடியில் கொழும்பின் மாடி வீடுகளில் விறகு மூட்ட இடமே இல்லாமல் படித்த மனிதர்கள் சிலிண்டர் வரிசையில் இரவைக் கழித்தார்கள். தோட்டத்தில் துணியை இழுத்து கேஸ் அடுப்பை மறுபடி மூடினார்கள், அவ்வளவுதான். விடுவதற்கான முதல் விதி இங்கிருந்து கிடைக்கிறது: எந்த வசதிக்கு வீட்டில் ஒரு மூத்தவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரோ, அந்த வசதியை விடலாம். கேஸுக்கு மூத்தவர் விறகடுப்பு. பிளென்டருக்கு மூத்தவர் அம்மி. மூத்தவர் என்பதால் நல்லவர் என்று பொருளல்ல; விறகடுப்பு என்கிற மூத்தவர் இருமல் கொடுப்பவர், கண்ணைக் கெடுப்பவர், கூரையைக் கரியாக்குபவர். ஆனாலும் மாதக் கடைசியில் அவர் பில் அனுப்புவதில்லை.

இரண்டாவது கரண்ட். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். நாட்டை ஆங்கில எழுத்துகளால் வலயம் வலயமாகப் பிரித்து நேர அட்டவணை போட்டார்கள். தன் ராசி தெரியாதவர்கள்கூட மலையில் இருந்தார்கள், தன் மின்வெட்டு எழுத்துத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ரைஸ் குக்கர் போனதில் பெரிய துக்கமில்லை, பானை இருந்தது. அயன் பெட்டி போனதுதான் சிக்கல், ஏனென்றால் இலங்கையில் பள்ளிச் சீருடை வெள்ளை, அதன் சுருக்கம் மைல் தூரத்துக்குத் தெரியும். அதற்கும் மூத்தவர் இருந்தார். சீருடையை நீவி மடித்துப் படுக்கைக்கு அடியில் வைத்து, அதன் மேல் ஆள் படுத்தால் காலையில் மடிப்புக் கத்தி போல நிற்கும். படுக்கிறவர் இரவு முழுக்கப் புரளக்கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. வீட்டில் குறைவாகப் புரள்பவர் யார் என்பது அந்த நாட்களில்தான் பல குடும்பங்களுக்குத் தெரியவந்தது.

வெளிச்சத்தின் கதை வேறு. பல்புக்கு மூத்தவர் குப்பி லாம்பு: பழைய மருந்துப் போத்தல், மூடியில் ஒரு துளை, துணியை முறுக்கிய திரி. போத்தலும் துணியும் எல்லா வீட்டிலும் உண்டு, உள்ளே ஊற்ற எண்ணெய் இல்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. மூத்தவரும் சம்பளம் கேட்கத் தொடங்கினால் முதல் விதி வேலை செய்யாது. அந்த மாதங்களில் பல வீடுகளில் இரவுச் சாப்பாடு பொழுது சாயும் முன்பே முடிந்தது.

டீவியை விடுவது லயத்தில் மிகச் சுலபம். அடுத்த காம்பராவில் ஓடினால் போதும், நாடகத்தின் வசனம் முழுக்கச் சுவருக்கு மேலால் வந்துவிடும். படம் வராது. மாமியார் மருமகள் நாடகத்துக்குப் படம் தேவையில்லை என்பதை வெளியுலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வசனத்தை வைத்தே யார் நகையை யார் எடுத்தார் என்று மறுநாள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லுவார்கள். பிரிட்ஜ் விஷயமும் ஏறக்குறைய இதுதான். லயத்தில் ஒரு பிரிட்ஜ் இருந்தால் அது லயத்துக்கே பொது. அதில் வீட்டுக்காரரின் மீனுக்கு மட்டும் இடமிருக்காது. பிள்ளைகளுக்கு ஐஸ் பக்கட் விற்றுக் கரண்ட் பில்லில் பாதியை மீட்கலாம். ஓட்டோ? 2022 ஜூலையில் எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீட்டர் பெட்ரோல் என்றார்கள். மலைப்பாதையில் ஏறி இறங்கினால் அது எத்தனை நாளுக்கு வரும் என்பதைச் சாரதிகளிடம் கேட்காமல் இருப்பதே மரியாதை. ஓட்டோவின் மூத்தவர் இரண்டு கால்.

பால்மாவை இந்தப் பட்டியலில் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். 2022இல் பால்மா தட்டுப்பாட்டால் நாட்டின் தேநீர்க் கடைகளில் பால் தேநீர் அரிதானது. கிடைத்தால் கோப்பை 100 ரூபாய். கைப்பிள்ளை உள்ள வீடுகளை அது உண்மையாகவே அடித்தது. பெரியவர்களைப் பொறுத்தவரை, உலகத்துக்குத் தேயிலை அனுப்பும் மலையில் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டு சாயத்தண்ணி குடிப்பது பழைய வழக்கம். நல்ல தூள் கப்பலில் போகிறது, அடித்தூள் வீட்டுக்கு வருகிறது. அதில் பால் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை என்று சொல்லும் கிழவிகள் எல்லா லயத்திலும் உண்டு.

இதுவரை சொன்னவை வீட்டுக்காரி தேர்ந்தெடுத்து விட்டவை. வேறு சில வசதிகளை எங்கோ மேசை போட்டு உட்கார்ந்தவர்கள் அவளுக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இல்லாமல் வாழப் பழக வேண்டியதாயிற்று. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து யார் எந்த நாட்டுக்கு என்று எண்ணிக்கையில் பிரித்துக்கொண்டார்கள். மிஞ்சியவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் நேரானது. ஐம்பத்தைந்து வருடம் ஒரு வசதி இல்லாமல் இருந்து காட்டியவர்களிடம், ஒரு வாரம் இணையம் இல்லாமல் இருந்த அனுபவத்தை யாரும் விவரிக்காமல் இருப்பது நல்லது.

வீடு இன்னொன்று. மீரியபெத்தவின் சரிவு ஆபத்தானது, ஆட்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. வீட்டை விடச் சொன்னார்கள். போய் இருக்க வேறு வீடு இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதன் பிறகு, 2016 ஒக்டோபரில், பூனாகலைப் பக்கம் மாகல்தெனியவில் 75 தனி வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. முதல் எச்சரிக்கை வந்த வருடத்துக்கும் வீடு வந்த வருடத்துக்கும் இடையே பதினொரு வருடம். இந்தப் பத்தியில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

தனி வீட்டுக்குப் போனதும் பட்டியல் மாறுகிறது. சுவர் கூரை வரை போகிறது, ஆகவே டீவி சொந்தமாக வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு கொள்ளி நெருப்புக் கேட்க முற்றம் தாண்ட வேண்டும். தோட்டத்துத் தனி வீடுகளில் உள்ளே ஒழுங்கான குசினி இருக்கும், அங்கே கேஸ் அடுப்பு பூத்துணியோடு இருக்கும். பின்புறம் நாலு தகரத்தைச் சாய்த்து மிலாறு அடுப்பும் இருக்கும். பொறியியலாளர் வரைந்த படத்தில் இந்தத் தகரம் இல்லை. வரைந்தவருக்கு முதல் விதி தெரியாது.

கடைசியாகப் போன். கேஸ், பல்பு, டீவி, பால்மா என்று வரிசையாக விட்ட வீடுகளும் இதை விடவில்லை. சம்பளம் வாங்கியதும் ரீலோட், பிறகுதான் அரிசி என்று வெளியாட்கள் கிண்டல் செய்வதுண்டு. அவர்கள் கவனிக்காதது, போனுக்கு மூத்தவர் யாரும் இல்லை என்பது. லயத்தில் அதற்கு முன் கம்பிவழித் தொலைபேசி இருக்கவில்லை. துரை பங்களாவிலும் ஒபீசிலும் இருந்தது. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடமே போனுக்குள் போய்விட்டது. 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிடியாவ கிராமத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி, யானையும் சிறுத்தையும் நடமாடும் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிப் படித்தார்கள். மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன அம்மாவின் முகமும், கொழும்புக் கடையில் நிற்கும் மகன் பணம் போட்டானா என்ற சேதியும் அந்தக் கண்ணாடிக்குள்தான். எண்ணெய் 340 ரூபாய் ஆனபோது வெளிச்சமும் அதிலிருந்தே வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அது முகவரி. லயத்துக் காம்பராக்களுக்கு நீண்ட காலம் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஒபீசுக்கு வரும், அங்கிருந்து அந்தப் பக்கம் போகிற யார் கையிலாவது ஏறும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கிடைப்பது மலையகத்தில் பழைய கதை. இப்போது ஒன்லைனில் ஒரு சோடி செருப்பு வாங்குகிறவர் முகவரிக் கட்டத்தில் பெயர், தோட்டம், கொஸ்லந்த என்று எழுதி, கீழே போன் நம்பரைப் போடுவார். பார்சல் கொண்டுவருகிறவர் மேலே உள்ள மூன்றையும் படிப்பதில்லை. சந்தியில் பைக்கை நிறுத்திக் கோல் எடுப்பார். “கோயிலடியில நில்லுங்கண்ணே, தம்பி வர்றான்” என்று பதில் போகும். அந்த நேரம் சிக்னல் இருந்தால் செருப்பு வீட்டுக்கு வரும். இல்லாவிட்டால் கொழும்புக்கே திரும்பிப் போய்விடும்.