டிசம்பருக்குப் பனிப்படம் எதற்கு? குடைப்படம் போடுங்கள்!

கேள்வி-பதில்

வீட்டில் ஒரு வானிலைக் கருவி, கையில் ஒரு சொந்த இணையத்தளம், ‘பருவம் மாறினால் முகப்புப் படமும் தானாக மாறவேண்டும்’ என்ற ஆசை. இந்த மூன்றும் உள்ளவர்கள் சிங்கப்பூரில் நிறையப் பேர் போலிருக்கிறது. வந்த கேள்விகளில் சில:

கே: இலவச டெம்பிளேட் ஒன்றை இறக்கிப் போட்டேன். டிசம்பர் 1 பிறந்ததும் முகப்பில் பனிமனிதன் வந்து நிற்கிறானே? (பொங்கோல் வாசகர்)

ப: வேலை அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இத்தகைய டெம்பிளேட்டுகள் பலவும் குளிர்நாட்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்காலம், மார்ச் முதல் மே வரை வசந்தம் என்று மும்மூன்று மாதமாக ஆண்டை வெட்டி வைத்திருப்பார்கள். ‘வடகோளமா, தென்கோளமா’ என்று ஒரு தேர்வும் இருக்கலாம். தென்கோளம் என்று மாற்றினால் அதே ஆள் ஜூனில் வருவான், அவ்வளவுதான். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 140 கிலோமீட்டரில். அந்தத் தேர்வில் நமக்கான விடையே இல்லை.

கே: அப்படியானால் நமக்குப் பருவமே கிடையாதா?

ப: இருக்கிறது. வானிலை ஆய்வகம் ஆண்டை நான்காகத்தான் பிரிக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மார்ச் இறுதி முதல் மே வரையும், அக்டோபர்-நவம்பரிலும் இடைப்பருவம். சராசரியாக மழை அதிகம் பெய்யும் மாதம் டிசம்பர், குறைவு பிப்ரவரி. ஆண்டுச் சராசரி 2,113 மில்லிமீட்டர். மழை பெய்யும் நாட்கள் சுமார் 171. நான்கு பருவம் உண்டு, நான்கிலும் குடை உண்டு. சூடான மே மாதத்துக்கும் குளிர்ந்த ஜனவரிக்கும் சராசரி வெப்பநிலையில் வித்தியாசம் ஏறக்குறைய இரண்டு டிகிரிதான்.

கே: நான்கு பருவத்துக்கு நான்கு படம், தேதி பார்த்து மாற்றினால் போதாதா? (தோ பாயோ வாசகி)

ப: போதாது. ஒரே பருவத்துக்குள் இரண்டு முகம் இருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்றின் முற்பாதியில் விடாத மழை. பிற்பாதியில் புல் காய்ந்து காற்று மட்டும் வீசும். இடைப்பருவத்தில் காலை பளிச்சென்று விடியும், பிற்பகலில் இடி முழங்கும். தென்மேற்குப் பருவத்தில் ‘சுமத்ரா ஸ்குவால்’ என்னும் இடிமழை வரிசை மலாக்கா நீரிணையைத் தாண்டி விடிவதற்கு முன்பே வந்து, அலாரத்துக்கு முன்னால் நம்மை எழுப்பிவிடும். மே மாதம் என்பது தேதிக்குத் தெரியும். இன்று இடிக்குமா என்பது தெரியாது. ஆகவே எந்த ஆல்பம் என்பதைத் தேதி சொல்லட்டும். அதில் எந்தப் படம் என்பதை வானம் சொல்லட்டும்.

கே: வானம் சொல்வது என் தளத்துக்கு எப்படிக் கேட்கும்?

ப: அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளம் இலவசமாகவே தருகிறது. வட்டாரவாரியாக இரண்டு மணிநேர முன்னறிவிப்பு, மழைமானிகளின் அளவு, காற்றின் வெப்பநிலை, புகைமூட்டக் குறியீடான பிஎஸ்ஐ, புற ஊதாக் குறியீடு எல்லாம் அங்கே உண்டு. முன்னறிவிப்பில் வரும் சொற்கள் குறிப்பிட்ட சிலதான்: ‘தண்டரி ஷவர்ஸ்’, ‘பார்ட்லி கிளவுடி’ என்பன போல. ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தை ஒதுக்கிவிடுங்கள்.

முன்னுரிமை முக்கியம். பிஎஸ்ஐ 100-ஐத் தாண்டினால் புகைமூட்டப் படம். இல்லையென்றால், மழைமானியில் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதுவும் இல்லையென்றால் முன்னறிவிப்புச் சொல். எதுவுமே வந்து சேரவில்லையென்றால் பருவப் படம். பார்வையாளர் ஒவ்வொருவர் வரும்போதும் அரசாங்கத்தின் கதவைத் தட்டாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சேமித்துவைத்து, அதையே எல்லாருக்கும் காட்டுங்கள்.

கே: புகைமூட்டத்துக்குத் தனிப் படம் தேவையா?

ப: 2013 ஜூன் 21-ஆம் தேதி பிஎஸ்ஐ 401-ஐத் தொட்டபோது இங்கே இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். தேவை. படம் எடுப்பதும் சுலபம்: எதிர்ப் புளோக் தெரியக்கூடாது.

கே: காலைப் படம் பிற்பகல் மூன்று மணிக்கு வருகிறது. பேய் வேலையா? (பிடோக் வாசகர்)

ப: கிரீனிச் வேலை. உங்கள் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நாம் அதற்கு எட்டு மணிநேரம் முன்னால் இருக்கிறோம். நிரலின் தலையில் நேர மண்டலத்தை ‘ஏஷியா/சிங்கப்பூர்’ என்று குறிப்பிடுங்கள், பேய் ஓடிவிடும்.

உச்சிவெயில் படத்தைச் சரியாகப் பன்னிரண்டுக்கு வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் ஏழரை மணிநேரத்திலிருந்து எட்டுக்குத் தாவியது. ஊர் இருக்கும் தீர்க்கரேகைக்கோ ஏழு மணிநேரம்கூடத் தேறாது. அதனால் சூரியன் நம் தலைக்கு மேல் வருவது பிற்பகல் ஒரு மணியளவில்தான்.

கே: தீபாவளிக்காக அக்டோபரைக் குறிக்க ஜாவாஸ்கிரிப்டில் 10 என்று எழுதினேன். படம் நவம்பரில் வந்தது!

ப: ஜாவாஸ்கிரிப்ட் ஜனவரியைப் பூஜ்யம் என்று எண்ணும். அதன் கணக்கில் அக்டோபர் 9. அதைத் திருத்தினாலும் தப்பிக்க முடியாது. இங்கே தீபாவளி 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. அமாவாசைக்கு மாத எண் தெரியாது. மனிதவள அமைச்சு பொது விடுமுறைப் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதைப் பார்த்துத் தேதிகளைக் கையால் எழுதிவையுங்கள். பொங்கல் சூரியனைப் பின்பற்றுவது, ஜனவரி நடுவில் நின்றுவிடும். பொங்கலுக்குச் சூத்திரம் எழுதலாம். தீபாவளிக்குப் பட்டியல் எழுதுங்கள்.

கே: வானிலைத் தளத்தில் பண்டிகைப் படம் எதற்கு? (ஜூரோங் வாசகர்)

ப: நாள்காட்டியோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரிகிறமாதிரி மாறுவது இங்கே தெருதான். ஜனவரியில் லிட்டில் இந்தியாவில் கரும்பும் மஞ்சள்கொத்தும் மண்பானையும் வந்து இறங்கும். தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்பே சிராங்கூன் சாலையின் குறுக்கே ஒளியலங்கார வளைவுகள் ஏறிவிடும். ஆர்ச்சர்ட் ரோட்டில் 1984 முதல் கிறிஸ்துமஸ் விளக்கு. நம் ஊரில் மரத்துக்கு முன்பே மின்கம்பம் பருவத்தைச் சொல்லிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: கேலாங் சிராயின் நோன்புப் பெருநாள் விளக்கைப் பருவக் குறியாக வைக்காதீர்கள். அது ஆண்டுக்கு ஏறக்குறைய 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே எல்லாப் பருவத்தையும் சுற்றிவரும்.

கே: மரம் ஒன்றுமே சொல்லாதா?

ப: சொல்லும், நாம்தான் கைப்பேசியைப் பார்த்து நடக்கிறோம். சில வாரம் வறண்டு பிறகு மழை பெய்தால், சாலையோர டிரம்பெட் மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டும். பெரும்பாலும் மார்ச்-ஏப்ரலில், சில ஆண்டுகளில் ஆகஸ்ட்-செப்டம்பரில் இன்னொரு முறை. ‘சிங்கப்பூர் சாக்குரா’ என்று செல்லப்பெயர்.

அதைவிடச் சுவாரசியமானது பெரிய மரங்களில் தொற்றி வளரும் புறா ஆர்க்கிட். பெருமழையால் காற்று திடீரென்று சில டிகிரி குளிர்ந்தால், ஏறக்குறைய ஒன்பதாம் நாள் வட்டாரத்திலுள்ள செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். பூவுக்கு ஒரே நாள் ஆயுள். இயற்கையே எழுதிவைத்த தானியங்கி நிரல் இது. உங்கள் கருவி சட்டென்ற வெப்பச் சரிவைப் பதிவு செய்தால், ஒன்பதாம் நாள் அந்தப் பூவின் படம் முகப்பில் வருமாறு எழுதுங்கள். அன்றைக்கு உங்கள் பார்வையாளர் ஒருவராவது அண்ணாந்து பார்ப்பார்.

கே: நாம் தமிழர்கள். கார், கூதிர் என்று ஆறு பெரும்பொழுதுக்கு ஆறு படம் வைத்தால் என்ன? (ஈசூன் வாசகி)

ப: ஆசை நியாயமானது, ஊர்தான் ஒத்துவராது. மார்கழியும் தையும் முன்பனிக்காலம். சிங்கப்பூரில் மார்கழி பிறப்பதோ ஆண்டின் ஈரமான மாதத்தில். சென்னைக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை, மழைப்பட்டை தெற்கே இறங்க இறங்க நமக்கு மார்கழியை ஒட்டி உச்சத்துக்கு வருகிறது. ஊரில் அண்ணன் குடையை மடக்கும்போது இங்கே தம்பி குடையை விரிக்கிறார். பெரும்பொழுதின் பெயரைப் படத்தின் கீழே எழுதி அழகு பாருங்கள். படம் மாற்றும் பொறுப்பை மட்டும் அதனிடம் கொடுக்காதீர்கள்.

கே: ஜனவரியில் சில நாள் நிஜமாகவே குளிர்கிறதே. ஸ்வெட்டர் படம் போடலாமா?

ப: வெப்பநிலை 23 டிகிரிக்குக் கீழே போனால் போடலாம் என்று ஒரு விதி வையுங்கள். இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 19.4 டிகிரி, 1934 ஜனவரியில். மிக அதிகம் 37.0 டிகிரி: 1983 ஏப்ரலில் தெங்காவில், மீண்டும் 2023 மே 13-ஆம் தேதி அங் மோ கியோவில். ஊரின் மொத்த வீச்சும் 18 டிகிரிக்குள் அடக்கம். அலுவலகக் குளிர்சாதனத்துக்கு ஸ்வெட்டர் போடுவோரைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு முழுக்க அந்தப் படம்தான் ஓடும்.

கே: எனக்கு வசந்தகாலப் படம் வேண்டும், வேண்டும், வேண்டும்!

ப: நுழைவுச்சீட்டு எடுங்கள். கரையோரப் பூந்தோட்டங்களின் மலர்க்கூடத்தில் 2012 முதல் வசந்தத்தைக் கண்ணாடிக்குள் குளிர வைத்துப் பாதுகாக்கிறார்கள். சாக்குரா கண்காட்சியும் நடத்துகிறார்கள்.

கே: மழை எத்தனை மில்லிமீட்டரைத் தாண்டினால் வெள்ளப் படத்தைப் போடலாம்?

ப: எத்தனை தாண்டினாலும் போடாதீர்கள். 1978 டிசம்பரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பெய்தது. 2010 ஜூனில் ஆர்ச்சர்ட் ரோட்டில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தப் பழைய படங்களில் ஒன்று உங்கள் முகப்பில் தானாக வந்து நின்றால், பார்த்தவர் அதை ‘இப்போது’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார். பத்து நிமிடத்தில் உங்கள் மாமியாரே உங்களுக்கு அனுப்புவார். நனைந்த சாலை, விரிந்த குடை, இவை போதும்.

கே: சர்வரில் படம் மாறிவிட்டது. பார்ப்பவர்களுக்குப் பழைய படமே தெரிகிறது.

ப: எல்லாப் படத்துக்கும் ஒரே கோப்புப் பெயரை வைத்திருப்பீர்கள். உலாவி அந்தப் பெயரை நினைவில் வைத்து, ‘இது ஏற்கெனவே பார்த்ததுதானே’ என்று பழையதையே எடுத்துக் காட்டும். மழைக்கு ஒரு பெயர், வெயிலுக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாக வைத்து, பக்கம் எந்தப் பெயரை அழைக்கவேண்டும் என்பதை மட்டும் மாற்றுங்கள். படத்தை வெப்பி (WebP) கோப்பு வடிவில் சுருக்கிப் போடுங்கள். எம்ஆர்டி சுரங்கப்பாதையில் திறப்பவருக்கும் வரவேண்டும்.

கே: கருவி தாழ்வாரத்தில், குளிர்சாதனத்தின் வெளிக்கூடு பக்கத்தில். எந்நேரமும் 36 டிகிரி காட்டுகிறது. படமும் எப்போதும் கொளுத்தும் வெயில்தான்! (உட்லண்ட்ஸ் வாசகர்)

ப: அது உங்கள் வீட்டுக் குளிர்சாதனத்தின் வானிலை அறிக்கை. கருவியை நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்துக்கு நகர்த்துங்கள். அதற்காகச் சன்னலுக்கு வெளியே தொங்கவிடாதீர்கள். கீழே ஆட்கள் நடக்கிறார்கள். விழுந்தால் விஷயம் வானிலையோடு நிற்காது. இடம் கிடைக்காவிட்டால், படம் மாற்ற அருகிலுள்ள அதிகாரபூர்வ நிலையத்தின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவை ‘என் தாழ்வாரம்’ என்று பெயர்போட்டுத் தனியாகக் காட்டுங்கள்.

கே: இவ்வளவும் வேண்டாம். முதல் வாரத்தில் எதைச் செய்வது?

ப: மூன்று வேலை. சர்வர் நேரத்தைச் சரிபாருங்கள். மழை, வெயில், மேகம், புகைமூட்டம் என்று நான்கே படத்தோடு தொடங்குங்கள். அந்த நான்கையும் வெளியிலிருந்து இறக்காமல், உங்கள் வீட்டுச் சன்னலிலிருந்து நீங்களே எடுங்கள். புகைமூட்டம் வரும்வரை அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். நிரம்பாவிட்டால் எல்லாருக்கும் நல்லது.