சுதந்திர எழுத்தாளரின் கற்பனைக்கு நீர்வரத்து: சுத்துக்கேணியை முன்வைத்து ஓர் ஆய்வு

மாதச் சம்பளம் இன்றி எழுதிப் பிழைக்கும் ஒருவருக்குக் கற்பனை எங்கிருந்து வருகிறது என்பதே ஆய்வுப்பொருள். களம், புதுச்சேரியின் சுத்துக்கேணி. இவ்வூரைத் தேர்ந்த காரணம் போகப்போக விளங்கும். விளங்காவிடில், ஆய்வுக் கட்டுரை என்றால் அப்படித்தான் என்க.

இதில் இரு கட்சிகள் உள. கற்பனை உள்ளிருந்து தானே சுரக்கும், மேசைமுன் காத்திருந்தால் போதும் என்பர் ஊற்றுக் கட்சியார். அஃது அன்மை உணர்க. காத்திருப்பவருக்குச் சுரப்பது பெரும்பாலும் கொட்டாவி; அதற்கு எந்த இதழும் சன்மானம் தருவதில்லை. வெளியிலிருந்து வந்து சேர வேண்டும் என்பர் வாய்க்கால் கட்சியார். ஆய்வாளர் இக்கட்சியினர்.

சான்று கண்முன்னே கிடக்கிறது. செஞ்சி மலைப்பக்கம் பிறந்து வரும் சங்கராபரணி ஆற்றுநீரைச் சுத்துக்கேணி வாய்க்கால்தான் ஊசுட்டேரிக்குக் கொண்டுசேர்க்கிறது. புதுச்சேரியிலேயே பெரிய ஏரி அது. பறவை பார்க்க வருகிறவர்கள் ஏரியைப் படம் எடுக்கிறார்கள். வாய்க்காலை யாரும் எடுப்பதில்லை. நல்ல கதையைப் படித்தவரும் எழுத்தாளரைத்தான் புகழ்வார். வில்லியனூர் வரும்வரை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து மருமகளின் சாம்பாரைப் பற்றிப் பேசிவந்த ஆயாவை அவர் அறியார்.

இலக்கியச் சான்றும் உண்டு. புதுச்சேரிக்காரர் பிரபஞ்சன் பெரும்பாலும் எழுத்தையே நம்பி வாழ்ந்தவர். 1995இல் அவருக்குச் சாகித்திய அகாதமி விருது பெற்றுத்தந்த ‘வானம் வசப்படும்’, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவைத்த நாட்குறிப்பிலிருந்து நீர் பெற்றது. சரக்கு, கப்பல், வழக்கு, வம்பு எல்லாம் அதில் உண்டு. அன்றாடக் கணக்கு எழுதிய வணிகர் ஒருவர், இருநூறு ஆண்டு தாண்டி ஒரு நாவலாசிரியருக்கு மதகு திறந்துவிட்டிருக்கிறார். பாரதிக்கோ முத்தியால்பேட்டை மாந்தோப்பு. தோப்பு அவருடையதன்று, நண்பர் கிருஷ்ணசாமிச் செட்டியாருடையது. ‘குயில் பாட்டு’ பிறந்த இடம் அதுவே என்பர். சொந்தத் தோப்பு இருந்திருந்தால் குத்தகைக் கணக்குப் பார்க்கவே பொழுது போயிருக்கும் என்பது ஆய்வாளர் துணிபு.

வாய்க்கால் இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. தூர் வார வேண்டும். இக்கால எழுத்தாளரின் தூர் கைப்பேசியில் படிகிறது. ‘ஐந்தே நிமிடம் பார்க்கிறேன்’ என்று எடுத்தவர் நிமிர்கையில் தீபாவளி மலரின் கடைசித் தேதி கடந்திருக்கும். இதற்குமேல் இதை விரிப்பது சொந்தக் கதையாகிவிடும்.

இனி, களத்தின் மற்றொரு சான்று. பிரெஞ்சுத் தொல்லியலாளர் கசால் சுத்துக்கேணியின் பெருங்கற்காலப் புதைகுழிகளைத் தோண்டி, 1956இல் நூலாக வெளியிட்டார். அக்குழிகளில் பொன்னணிகள் கிடைத்தன. செத்தவருக்குப் பொன் வைக்கும் வழக்கம் நம்மிடையே தொன்மையானது என்பது இதனால் பெறப்படும். எழுத்தாளர் விஷயத்தில் அது இன்றும் மாறவில்லை. பாரதி இறந்தது 1921இல். அவர் எழுத்துக்களை அரசு நாட்டுடைமையாக்கியது 1949இல். புதுமைப்பித்தன் 42 வயதில் வறுமையோடு போனார். சிலையும் மலரும் பின்னால் வந்தன.

ஆகவே இதழாசிரியர்களுக்கு ஆய்வாளரின் பணிவான பரிந்துரை ஒன்றே: போன தை மாதம் வெளிவந்த கட்டுரைக்கான சன்மானத்தை, எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.