மாடியில் சின்னப்பா, கீழே நான்

எங்கள் வீட்டில் எதையும் தூக்கிப் போடுவதில்லை. தூக்கிப் போடாதவன் நான். அதையெல்லாம் வாரா வாரம் துடைத்து வைப்பவர் என் மனைவி. ஆகவே இந்த விஷயத்தில் வீட்டில் இரண்டு கருத்துகள் உண்டு. ஓடாத சுவர்க்கடிகாரம், கைப்பிடி போன குக்கர், எந்தப் பூட்டுக்கென்று தெரியாத சாவிக்கொத்து என்று பரணில் இருக்கும் சொத்துக்களில், பழைய இணைய இணைப்போடு வந்த ரூட்டர் ஒன்றும் இருந்தது. "பழைய இரும்புக்காரர் வந்திருக்காருங்க, அதைப் போட்டுடலாமே" என்று மனைவி சொன்னபோது, "விளக்கு எரியுதுல்ல?" என்று கேட்டு அதைக் காப்பாற்றினேன். விளக்கு எரியும் பொருளைப் போடுவது எங்கள் குலவழக்கமில்லை.

மாடி அறையில் வைஃபை சரியாக எட்டவில்லை என்று ஒரு குறை இருந்தது. கீழிருந்து ஒரு கேபிளை ஜன்னல் வழியே மேலே இழுத்து அந்த ரூட்டரில் செருகினேன். மாடியிலும் இணையம் வந்துவிட்டது. செலவு, கேபிள் காசு மட்டும். அந்த வாரம் முழுக்க வீட்டில் நான் நடந்த நடையைப் பார்த்தவர்கள் புதுக்கோட்டை ராஜாக்களான தொண்டைமான் பரம்பரையில் யாரோ என்று நினைத்திருப்பார்கள்.

மாடியில் மகன் விட்டுப்போன ஒரு கணினி இருக்கிறது. என் கேசட்டுகளையெல்லாம் அதில் ஏற்றி வைத்திருக்கிறேன். புதுக்கோட்டைக்காரன் சேர்த்து வைப்பதில் முதலிடம் பாடகர்-நடிகர் பி.யு. சின்னப்பாவுக்குத்தானே? இந்த ஊரில் 1916இல் பிறந்து, 1951இல் முப்பத்தைந்து வயதிலேயே போய்விட்டவர். அவருக்குப் பிறகு தாளவாத்தியம். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையின் ஊர் என்பதால், அட்டையில் கஞ்சிரா படம் இருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமலே வாங்கிவிடுவேன். மகன் வந்திருந்தபோது மினிடிஎல்என்ஏ என்ற இலவச மென்பொருளை அதில் போட்டுக் கொடுத்து, "அப்பா, இனிமே வீட்ல எந்தக் கணினியிலயும் பாட்டு தானா தெரியும்" என்றான். சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

கீழ்க் கணினியில் பாட்டு போடும் விஎல்சி மென்பொருளைத் திறந்து, உள்ளூர் நெட்வொர்க் என்ற இடத்தைத் தட்டினேன். வெறும் வெள்ளைத் திரை. கணினியை அணைத்துப் போட்டேன். மாடிக் கணினியையும் அணைத்துப் போட்டேன். மாடி ரூட்டரில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்ததால், ஒரு சந்தேகத்துக்குப் புதிதாக வைத்தேன். பலனில்லை.

இதில் என்னை வாட்டியது ஒரு வினோதம். மாடியில் நின்று கைபேசியில் பார்த்தால் சின்னப்பா பாடுகிறார். படியிறங்கிக் கூடத்துக்கு வந்து கீழ் வைஃபையில் சேர்ந்ததும் மறைந்துவிடுகிறார். மாடிக் கணினி அமெரிக்கா வரை போய்ச் செய்தி வாங்கி வருகிறது. கூடத்துக்கு வர அதற்கு வழி தெரியவில்லை. 'ஜகதலப்பிரதாபன்' படத்தில், 1944லேயே, ஒரே சட்டகத்துக்குள் பாடகரும் பக்கவாத்தியக்காரர்களுமாகப் பல சின்னப்பாக்கள் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டு கச்சேரி செய்தார்கள். என் வீட்டு இரண்டு பெட்டிகளுக்குள் அந்த அளவு பேச்சுவார்த்தைகூட இல்லை.

சென்னையில் கணினித் தொழிலில் இருக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன்.

"மாமா, ரெண்டும் ஒரே நெட்வொர்க்ல இருக்கா?"

"ஒரே வீட்லதான் இருக்கு மாப்ள."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மரியாதைக்காரப் பிள்ளை, போனை மூடிக்கொண்டு சிரித்திருப்பான்.

அவன் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். மகன் போட்டுக் கொடுத்த மாதிரியான பாட்டுச் சர்வர் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. தெருவில் நின்று தண்டோரா போடுகிறது: "நான் இருக்கிறேன், என்னிடம் பாட்டு இருக்கிறது." டிஎல்என்ஏ வகைச் சர்வர்கள் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900ஆம் போர்ட்டில் இதைச் சொல்கின்றன. ஆப்பிள் வழி வந்தவை 224.0.0.251க்கு, 5353ஆம் போர்ட்டில். தேடுகிற கணினியும் அதே தெருவில் காது கொடுத்து நிற்க வேண்டும். ரூட்டர் இருக்கிறதே, அதுதான் தெருமுனை. வீட்டு ரூட்டர் பொதுவாக இந்தச் சத்தத்தை மறு தெருவுக்கு விடாது. (தமிழ்நாட்டில் தண்டோரா இனி வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி வையுங்கள் என்று 2022இல் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். கணினிகளுக்கு அந்தக் கடிதம் போகவில்லை.)

நான் மாட்டிய பரண் ரூட்டர் மாடியில் தனித் தெருவே போட்டுவிட்டது. கீழே எல்லாருக்கும் 192.168.1 என்று தொடங்கும் விலாசம், மாடியில் 192.168.0. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிது. கீழ 2ஆம் வீதி, தெற்கு 4ஆம் வீதி என்று எண் போட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். வடக்கு ராஜ வீதியில் தமுக்கு அடித்தால் தெற்கு 4ஆம் வீதியில் கேட்காது என்று சின்னப் பிள்ளைக்குத் தெரியும். தண்டோராவே தேவைப்படாத பாட்டும் எங்கள் பக்கம் உண்டு: இருபது கிலோமீட்டர் போனால் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். உருத்திராச்சாரியாரின் மாணவரான ஒரு மன்னர், பயில்வோர் நன்மைக்காகச் சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்தார். போய் நின்றால் தெரிகிறது. அதற்கு யாரும் போர்ட் திறக்க வேண்டியதில்லை.

வைத்தியம் சின்னதுதான். மாடி ரூட்டருக்குள் போய், விலாசம் பங்கிடும் டிஎச்சிபி வேலையை நிறுத்த வேண்டும். அதன் சொந்த விலாசத்தை, கீழே இருக்கும் ரூட்டரோடு மோதாதபடி 192.168.1 வரிசையில் வேறொன்றாக மாற்ற வேண்டும். பிறகு வெளி இணைப்புக்கான வான் துளையில் இருக்கும் கேபிளைப் பிடுங்கி, வீட்டு இணைப்புக்கான லான் துளை ஒன்றில் செருக வேண்டும். எங்கள் வீட்டில் எது வான், எது லான் என்று தெரியவில்லை. ஆயுத பூஜைச் சந்தனம் சரியாக அந்த எழுத்தின் மேல் இருந்தது. "நீலக் கலர் துளை எது மாமா?" என்றான் மாப்பிள்ளை. மனைவி டார்ச் பிடித்தார். பிடித்துக்கொண்டே, "இதைத்தான் அன்னைக்கே இரும்புக்காரர்கிட்ட…" என்று ஆரம்பித்தார். நான் துளையில் கவனமாக இருந்தேன்.

அப்படியும் திரை வெள்ளைதான். கீழ்க் கணினியில் விண்டோஸ் இந்த வைஃபையைப் 'பப்ளிக்' என்று பதிந்து வைத்திருந்தது. இந்த வீட்டில் மற்றவர்கள் உங்கள் கணினியைக் காணலாமா என்று அது முதல் நாள் கேட்டிருக்கும். குடும்பத் தலைவன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்பதைச் சொல்ல வேண்டுமா? 'பிரைவேட்' என்று மாற்றி, ஃபயர்வாலில் விஎல்சிக்கு அனுமதி கொடுத்ததும் சர்வர் பெயர் திரையில் வந்து நின்றது. மனைவி வந்து பார்த்துவிட்டு, "இதையே மாடிக்குப் போய்க் கேட்டா என்ன?" என்றார்.

பரணில் பழைய ரூட்டர் வைத்திருக்கும் பெரியோர்களே, அதைப் போட வேண்டாம். மாட்டுவதற்கு முன் டிஎச்சிபியை நிறுத்திவிடுங்கள். மாடி, கீழ்க் கணினிகள் இரண்டின் விலாசத்திலும் முதல் மூன்று எண்கள் ஒன்றா என்று பாருங்கள். சந்தனத்தை மூடியின் மேல் மட்டும் வையுங்கள்.