பூதங்களுக்குப் பொறுப்பாளர்

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மா உங்களிடம் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மூன்று மணி நேரம் கார் ஓட்டி இண்டியானாபொலிஸ் போனது நிஜம். முன்பின் தெரியாதவர்களை மேஜையைச் சுற்றி உட்காரவைத்துப் பூதக் கதை நடத்தியது நிஜம். அதற்குச் சம்பளம் கிடையாது என்பதும் நிஜம்தான். ‘சூதாட்டம்’ என்பது மட்டும் அம்மாவின் சொந்தச் சரக்கு. பகடை உருட்டினோம், பணம் வைக்கவில்லை. பகடை வாங்கவே கடைகளில் எவ்வளவு கொடுத்தேன் என்பது தனி விஷயம். அத்தைக்குத் தெரிய வேண்டாம்.

நான் போன விழாவுக்கு ஜென் கான் என்று பெயர். வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள், பலகை, சீட்டு, பகடை என்று மேஜைமேல் ஆடும் அத்தனை விளையாட்டும் உண்டு. 2024-இல் 71,000 பேருக்கு மேல் வந்தார்களாம். மாநாட்டு மையம் போதாமல் சுற்றியுள்ள ஹோட்டல் கூடங்களிலும், கால்பந்து நடக்கிற லூக்கஸ் ஆயில் ஸ்டேடியத்திலும் மேஜை போடுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்தைச் சொல்கிறேன், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.

நீங்கள் எல்.ஐ.சி.யில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஆகவே இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இதையெல்லாம் தொடங்கிவைத்த கேரி கைகாக்ஸ் ஓர் இன்சூரன்ஸ்காரர். 1968-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவாவில் 50 டாலருக்கு ஒரு மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, போர் விளையாட்டுப் பைத்தியங்களைக் கூட்டினார். 1974-இல் அவரும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். வீரன் பிழைப்பானா சாவானா என்பதை இருபது முகப் பகடையிடம் ஒப்படைக்கும் யோசனை, பாலிசிக் கணக்கு பார்த்துப் பழகிய ஆளுக்கு வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. விழா பிறகு மில்வாக்கிக்குப் போய், 2003 முதல் இண்டியானாபொலிஸில் நடக்கிறது.

ஆட்டம் எளிது. ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தி வில்லாளி, ஒருவன் திருடன். மீதி எல்லாம் கேம் மாஸ்டர், அதாவது நான். கடைக்காரன், மழை, கதவுப் பூட்டு, பூதம், பூதத்தின் அம்மா, எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு. அவர்கள் செய்வதைச் சொல்வார்கள், நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை. ஒரு ஆட்டம் நாலு மணி நேரம், என் மேஜைக்கு ஆறு டிக்கெட். டிக்கெட் எடுத்தவர் வராவிட்டால் அந்த நாற்காலிக்காகப் பக்கத்திலேயே ஒருவர் காத்துக்கொண்டு நிற்பார். நான் போனது இப்படி ஆட்டம் நடத்தும் ஒரு குழுவோடு. நுழைவு அட்டையும் ஹோட்டலில் பாதிக் கட்டிலும் அவர்கள் உபயம். மற்ற பாதியில் இருந்தவர் தூக்கத்திலும் பகடை உருட்டினார்.

நான் எழுதிக்கொண்டு போன கதை இது: மலையடிவார ஊரில் ஆடுகள் காணாமல் போகின்றன, குகைக்குள் ஒரு பூதம். குகைக்கு வண்ணத்தில் வரைபடம், ஒவ்வொரு அறையிலும் ஒரு பொறி, சுவரில் பழைய லிபி. எத்தனையோ ராத்திரி விழித்துச் செய்த வேலை, மாமா. ஆட வந்த ஒரு குழு அந்தக் குகைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மந்திரவாதியாக இருந்த பெரியவர் ஆடு தொலைத்த கிழவியிடம் உட்கார்ந்து, “மாதம் ஒரு செப்புக் காசு கொடுங்கள், இனி ஆடு போனால் நாங்கள் ஈடு தருகிறோம்” என்று ஆரம்பித்தார். கிழவி யார்? நான்தான். பிரீமியத்தைக் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் பேரம் பேசினேன். அப்புறம் ஊரே சேர்ந்தது. கடைசியில் இழப்பைக் குறைப்பதற்காகப் பூதத்திடமே போய் அதற்கும் ஒரு பாலிசி விற்கப் பார்த்தார்கள். சரி, உருட்டுங்கள் என்றேன். இருபது விழுந்தது. இருபது விழுந்துவிட்டால் யார் என்ன சொல்ல முடியும்? பூதம் கையெழுத்துப் போட்டது. நாமினியாகத் தன் அம்மாவைப் போட்டது.

எங்கே போனாலும் அதே கூத்துதான். கதையை நாம் எழுதலாம், ஆனால் அது மேஜைக்கு வரும்வரைதான் நம்முடையது. கேம் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது நீங்கள் கல்யாணங்களில் பந்தி விசாரிப்பது. சமையல் உங்களுடையது இல்லை, பரிமாறுவதும் நீங்கள் இல்லை. ஆனால் எந்த இலை காலி, யார் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று உங்களுக்குத்தான் தெரியும். என் மேஜையில் அப்பாவோடு வந்த ஒரு சின்னப் பெண் முதல் ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. அவளிடம் மட்டும் ஓர் ஆட்டுக்குட்டியை ஓடிவரச் செய்தேன். அதன்பிறகு அவளை நிறுத்த என்னால் முடியவில்லை, அவள் அப்பாவாலும் முடியவில்லை.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். மேஜை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டை வைத்திருப்போம். கதையில் வந்த ஏதோ ஒன்று ஒருவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும். காரணம் சொல்ல வேண்டாம், யாரும் கேட்கவும் கூடாது. ராட்சதச் சிலந்தி வந்தபோது லாரி ஓட்டுகிற ஆஜானுபாகுவான ஒருவர், கையில் டிராகன் பச்சை, மெதுவாக அட்டையைத் தொட்டார். சிலந்திகள் அந்தக் கணமே கம்பளிப்பூச்சிகள் ஆயின. சண்டை அதே சண்டைதான்.

கதையில் குள்ள இனத்துக் கொல்லன் வந்தால் ஸ்காட்லாந்துக்காரர் மாதிரிப் பேச வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். எனக்கு அது வராது. என் கொல்லன் மாயவரம் பஸ் ஸ்டாண்டு ஆங்கிலம் பேசினான். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கொல்லன் எந்த மலைக்காரன் என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டார். மாயவரத்தில் மலையே கிடையாது என்று எப்படிச் சொல்வது? தெற்கே என்றேன்.

மனிதர்கள் விசித்திரமானவர்கள். தொடர்ந்து ஒன்று, இரண்டு என்று விழும் பகடையைச் சின்னக் கூண்டுக்குள் போட்டுச் சிறை வைக்கிறார்கள், தண்டனைக் காலம் முடிந்தால்தான் விடுதலை. தினமும் கொஞ்ச நேரமாவது தூங்கு, இரண்டு வேளை சாப்பிடு, ஒரு தடவை குளி என்று பழையவர்கள் புதியவர்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். வளர்ந்த ஆளுக்குக் குளிக்கச் சொல்லித் தரும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும். அது எவ்வளவு அவசியமான அறிவுரை என்பது ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் ஏறினால் விளங்கும்.

ஒரே கூடத்தில் பல மேஜைகள், எல்லா மேஜையிலும் ஒரு பூதம் கத்துகிறது. அதற்குமேல் நான் கத்த வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் தொண்டை கட்டி என் பூதம் கிசுகிசுக்கத்தான் செய்தது, அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது என்று பாராட்டினார்கள். அம்மா கொடுத்தனுப்பிய பனங்கற்கண்டு தீர்ந்துவிட்டது, அடுத்து யார் வந்தாலும் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

இப்போது உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். அடுத்த வருஷத்துக்குத் தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையை வைத்து ஒரு கதை எழுதுகிறேன். 1620-இல் கடலோரத்தில் கட்டிய கோட்டை, வேறு என்ன வேண்டும்? நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது கீழ்த்தளத்தில் எத்தனை அறை, படிக்கட்டு எந்தப் பக்கம், கடலைப் பார்த்த ஜன்னல் எத்தனை என்று ஒரு தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்புங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. பேய்களை எங்கே நிறுத்துவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்